மாலை நான்கு மணிக்கு மைதானம் யாருடையது?

கேரளத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி எனத் தமிழ் பேசும் பஞ்சாயத்துகள் எல்லையை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. வீட்டில் கொங்குத் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் புழங்கும் இந்த ஊர்களில், மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் மைதானங்கள் நிறைந்துவிடும். ஒரு மூலையில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட், நடுவில் கால்பந்து, பனை வரிசையை ஒட்டி வாலிபால் என்று இருட்டும் வரை ஆட்டம் நடக்கும். ஆடுகிறவர்கள் ஏறத்தாழ எல்லோருமே ஆண்கள். பெண் பிள்ளைகள் அந்த மைதானத்தின் ஓரமாகத் தையல் வகுப்புக்கோ, டியூஷனுக்கோ, கடைக்கோ நடந்து போவார்கள். இப்பகுதியில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்க்கும் எனக்கு, இந்த நிலையை மாற்றுவது பற்றிச் சில உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

பெண்கள் விளையாடக் கூடாது என்று எங்கள் ஊரில் எவரும் சட்டம் போடவில்லை. சட்டம் போட்டுத் தடுத்த நாடுகள் உண்டு. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில், ஆலைப் பெண்களின் அணியான ‘டிக், கெர் லேடீஸ்’ ஆடிய கால்பந்து ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டு டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று முடிவெடுத்தது. அந்தத் தடை நீங்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. எழுத்தில் இருந்த தடை என்பதால் அதை எதிர்க்க முடிந்தது. ஒரு நாள் அதை நீக்கவும் முடிந்தது. எங்கள் ஊரில் உள்ள தடை எந்தத் தாளிலும் இல்லை. அது ஆட்ட நேரத்தில் இருக்கிறது, விளக்கில்லாத வழியில் இருக்கிறது, பூட்டிய கழிப்பறையில் இருக்கிறது, சாமான் அறையில் கிடக்கும் பந்தின் அளவில் இருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றியமைக்காமல், பெண்களையும் விளையாட வாருங்கள் என்று எத்தனை முறை அழைத்தாலும் பயனில்லை. கிராமத்து விளையாட்டுக்குத் தேவையான புதுமை இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

சாதித்த பெண்கள் இல்லாத மண் அல்ல இது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலத்தைத் தவறவிட்ட பி.டி. உஷா கேரளத்துக்காரர். எங்கள் பாலக்காட்டு மாவட்டத்தின் முண்டூரில், கூலித் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பி.யு. சித்ரா, 2017இலும் 2019இலும் ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி 2018இலும் 2023இலும் தேசியச் சாம்பியன் ஆனது. ஆனால் இவர்களைப் பெருமையாகப் பேசும் அதே ஊரில், எட்டாம் வகுப்புக்கு வந்த பெண் பிள்ளை மைதானத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறாள். ஐந்தாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் பையன்களை முந்தி ஓடுகிறவள் அவள். இரண்டே ஆண்டுகளில் கால் வலி, தலை வலி, வீட்டில் வேலை என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி மர நிழலில் உட்கார்ந்துகொள்வாள். திறமைசாலிகளைத் தேடிப் போகும் எந்தத் திட்டமும் இந்த மர நிழலுக்கு வந்து சேர்வதில்லை.

ஊரில் கட்டுப்பெட்டித்தனம் அதிகம் என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். அம்மாக்களோடு உட்கார்ந்து பேசினால் வேறு பதில் கிடைக்கும். ஒரு மாணவியின் தாய் என்னிடம் இப்படிச் சொன்னார்: “அனுப்பறதுக்கு மனசு இல்லாம இல்லீங்க டீச்சர். ஆறு மணிக்கு மேல அந்தக் கள்ளுக்கடை வழியாத்தான் வரோணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, நாளைக்கே அனுப்பறனுங்க.” அவர் கேட்டது நியாயமான கேள்வி. பயிற்சி முடியும் நேரத்தையும் வீடு திரும்பும் வழியையும் நாங்கள் அதன்பிறகுதான் முதலில் முடிவு செய்தோம். பயிற்சியில் என்ன சொல்லித்தருவது என்பது அடுத்துத்தான் வந்தது.

காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் பேச்சு வந்தது. காலை நேரம் பெண் பிள்ளைகளுக்கு எவ்வளவு நெருக்கடியானது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் பிடிப்பதும், தம்பி தங்கையைக் கிளப்புவதும், பால் சொசைட்டிக்குக் கேனை எடுத்துப் போவதும் பெரும்பாலும் அவர்கள் தலையில் விழும் வேலைகள். அண்ணன் அந்த நேரத்தில் தூங்குவான். எனவே சனிக்கிழமை காலையும், புதன், வெள்ளி மாலைகளில் நான்கிலிருந்து ஐந்தரை வரையும் மைதானத்தின் நடுப்பகுதி பெண்களுக்கு என்று ஊர்க் கிளப்போடு பேசி முடிவு செய்தோம். ஓரத்தை ஒதுக்கித் தருகிறோம் என்றுதான் கிளப் இளைஞர்கள் முதலில் சொன்னார்கள். ஓரம் என்பது பனங்கொட்டையும் கல்லும் கிடக்கும் இடம்; அங்கே ஓடினால் கணுக்கால் பிசகும். நடுப்பகுதிதான் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது அந்த நேரப் பட்டியல் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் பெயின்ட்டால் எழுதப்பட்டிருக்கிறது. பலகையில் ஏறிவிட்டதை ஊரில் யாரும் எளிதில் மாற்றுவதில்லை. பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் கூட்டமாகப் பெரிய ரோட்டு வழியாகத் திரும்புகிறார்கள். தூரம் கொஞ்சம் கூடுதல், ஆனால் வழியில் விளக்கு உண்டு.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த மாதங்களில் மாலை நேரம் தள்ளிப் போகிறது, விளக்குப் பிரச்சினை திரும்ப வருகிறது. செயற்கைப் புல் விரித்த வாடகை டர்ஃப் மைதானங்களில் வெளிச்சம், சுற்றிலும் வலை, கழிப்பறை என எல்லாம் இருப்பதால் அங்கே பெண்கள் தயங்காமல் ஆடுகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். தடை மனத்தில் இல்லை, வசதியில்தான் இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆட எங்கள் பிள்ளைகளால் முடியாது.

கழிப்பறை விஷயத்தைப் பலரும் பேசத் தயங்குகிறார்கள், நான் தயங்குவதில்லை. நான்கு மணிக்குப் பள்ளி பூட்டப்பட்டதும் அதன் கழிப்பறைகளும் பூட்டப்படும். பையன்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பெண் பிள்ளைகள் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். பிறகு ஓடும்போது தலை சுற்றுகிறது என்பார்கள். தலைமையாசிரியையிடம் பேசி, ஒரு கழிப்பறையின் சாவியை மூத்த மாணவி ஒருத்தியின் பொறுப்பில் விட்டோம். 2017இல் கேரள அரசு தொடங்கிய ‘ஷீ பேட்’ திட்டத்தின் வழியாகப் பள்ளிகளுக்கு வந்த நாப்கின்களும் எரிக்கும் கருவியும் பள்ளி நேரத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதையும் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தோம். சாவி கைமாறிய பிறகு மாதத்தில் சில நாட்கள் வராமல் இருந்தவர்களில் பலர் வரத் தொடங்கினார்கள். ஆடையிலும் இதே அக்கறை வேண்டும். 2023இல் இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணி வெள்ளை அரைக்கால்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது. அதே ஆண்டு விம்பிள்டனில் பெண்கள் அடர்நிற உள்ளாடை அணிந்து ஆட அனுமதி கிடைத்தது. உலகின் உச்சத்தில் ஆடுபவர்களுக்கே இருந்த சங்கடம் எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பதில் வியப்பில்லை. எங்கள் அணியின் அடர்நீல டிராக் பேன்ட்டும் முழங்கை வரை வரும் பனியனும் கேரளத்தின் பெண்கள் சுய உதவிக் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் உள்ளூர்த் தையல் யூனிட்டில் அளவெடுத்துத் தைத்தவை. ஆண்களின் அளவுக்கு வெட்டிய ஜெர்சியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஓட வேண்டிய நிலை இப்போது இல்லை.

அடுத்தது கருவிகள். பெண்கள் எறியும் இரும்புக் குண்டின் எடை 4 கிலோ, ஆண்களுக்கு 7.26 கிலோ. கபடிக் களம் ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8 மீட்டர். பெண்கள் கூடைப்பந்துக்கு 6ஆம் எண் பந்து, ஆண்களுக்கு 7ஆம் எண். விதிப்புத்தகங்கள் இவ்வளவு தெளிவாக இருக்க, பல பள்ளிகளின் சாமான் அறையில் ஆண்களுக்கான ஒரே அளவுதான் கிடக்கிறது. சிறுவர் சிறுமியருக்கு 4ஆம் எண் கால்பந்து பொருத்தம். இருப்பதோ பெரியவர்களின் 5ஆம் எண் பந்து, அதுவும் தண்ணீர் ஏறிக் கனத்தது. அதை உதைத்துக் கால் நொந்த பிள்ளை கால்பந்து தனக்கு வராது என்று முடிவு செய்துவிடுகிறாள். பெண்களுக்குச் சிறிய பந்து கொடுப்பது சலுகை ஆகாதா என்று ஒரு பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன்கள் 5 கிலோ குண்டுதான் எறிகிறார்கள். அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை.

காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் கிழிவது, ஓடித் திரும்பிக் குதிக்கும் ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் நேர்கிறது. இதைத் தடுக்க விலை உயர்ந்த மருந்தோ கருவியோ தேவையில்லை. ஃபிஃபா வகுத்த ‘11+’ என்னும் இருபது நிமிட உடல் தயாரிப்புப் பயிற்சியை எந்த மைதானத்திலும் செய்யலாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் வீராங்கனைகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், இப்பயிற்சி செய்தவர்களிடம் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாயின. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்காமல் பாதத்துக்கு நேராக நிற்கிறதா என்று ஒருவரை ஒருவர் எதிரில் நின்று பார்த்துக்கொள்வது அதில் முக்கியமான பகுதி. எங்கள் பிள்ளைகள் அதை மிகுந்த கண்டிப்போடு செய்கிறார்கள்.

விதிகளை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த வேலை. 1994 உலகக் கோப்பையில் தன் அணியின் வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட நேர்ந்த கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், நாடு திரும்பிய சில நாட்களில் மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு, வன்முறை மலிந்த அந்நகரின் ஏழைக் குடியிருப்புகளில் ‘அமைதிக்கான கால்பந்து’ என்ற முயற்சி தொடங்கியது. அணியில் ஆண்களும் பெண்களும் கலந்திருப்பார்கள். நடுவர் கிடையாது. ஆட்டத்துக்கு முன் இரு அணிகளும் உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவு செய்யும். ஆட்டம் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து யார் நேர்மையாக ஆடினார்கள் என்று பேசிப் புள்ளி கொடுக்கும். அணியின் முதல் கோலைப் பெண்தான் அடிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி.

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஐவர் ஆட்டமாக, செங்கல் வைத்த கோலில், இந்த முறையை ஆடிப் பார்த்தோம். முதலில் பையன்கள் முகம் சுளித்தார்கள். பிறகு விதியை நிறைவேற்ற ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். உயரமான பெண் ஒருத்தியைக் கோலுக்கு அருகில் நிறுத்திவிட்டுப் பந்தை அவள் காலடிக்கு உருட்டினார்கள். அவள் தட்டினாள், கோல் விழுந்தது, அதற்குப் பிறகு பழையபடி பையன்களே ஆடினார்கள். ஆட்டம் முடிந்து உட்கார்ந்து பேசும்போது அந்தப் பெண் கேட்டாள்: “என்னை அங்கயே நிக்க வெச்சா நான் எப்பங்க டீச்சர் ஓடறது?” அந்த ஒரு கேள்வியால் விதி மாறியது. எந்தக் கோலாக இருந்தாலும், அதற்கு முன் பந்து குறைந்தது இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள் காலில் பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கோல் கணக்கில் வராது. பிள்ளைகளே சொல்லிப் பிள்ளைகளே ஒப்புக்கொண்ட விதி இது.

அதன் விளைவை நான் அருகிலிருந்து பார்க்கிறேன். தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு தலை குனிந்து ஓடியவர்கள் தலையை நிமிர்த்தி யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள். பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பந்து கொடுத்தார்கள். பந்து வரும் என்று தெரிந்ததால் பெண்கள் காலி இடத்துக்கு ஓடக் கற்றுக்கொண்டார்கள். வராது என்று தெரிந்தால் எவரும் ஓட மாட்டார்கள் அல்லவா? இன்னொரு பலனும் கிடைத்தது. சிறு உருவம் கொண்ட, ஆட்டம் சரியாக வராத சில பையன்களுக்கும் இப்போதுதான் பந்து கிடைக்கிறது. பெண்களை ஒதுக்கிய அதே பழக்கம் அவர்களையும் ஒதுக்கி வைத்திருந்தது.

ஆட்டத்தையே புதிதாக அமைத்தவர்களும் உண்டு. 1902இல் ஆம்ஸ்டர்டாமில் நிக்கோ புரூக்கைசன் என்ற பள்ளி ஆசிரியர், பையன்களும் பெண்களும் சேர்ந்து ஆடக்கூடிய ‘கோர்ஃப்பால்’ ஆட்டத்தை உருவாக்கினார். இன்று ஓர் அணியில் நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். ஆண் ஆணை மட்டும், பெண் பெண்ணை மட்டும் தடுக்கலாம். பந்தோடு ஓடக் கூடாது. எதிராளி முறைப்படி மறித்து நிற்கும்போது கூடைக்கு எறியக் கூடாது. உடல் பலத்தைவிட ஓட்டமும் பந்து கைமாற்றலும் முக்கியமாகிவிடுகின்றன. மூங்கில் கம்பில் பிளாஸ்டிக் கூடை கட்டி இதையும் ஆடுகிறோம். மழைக்காலத்தில் மைதானம் சேறாகும்போது பள்ளி முற்றத்திலேயே நடத்தலாம் என்பதால் எனக்கு இது மிகவும் உதவுகிறது.

பயிற்றுநர் யார் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் 1972இல் வந்த ‘டைட்டில் ஒன்பது’ சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பால் பாகுபாடு கூடாது என்றது. அதற்கு முந்தைய ஆண்டில் அந்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று 30 லட்சத்துக்கும் மேல். ஆனால் அதே சட்டத்துக்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்களே பயிற்றுநர்களாக இருந்தார்கள். பணமும் பதவியும் வந்த பிறகு அது பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆடுகிறவர்கள் பெருகினாலும் முடிவெடுக்கும் இடம் கைவிட்டுப் போகக்கூடும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. இதற்கு நேர்மாறான பாதையில் போனது ஜார்க்கண்டில் ராஞ்சி அருகே 2009இல் தொடங்கிய ‘யுவா’ அமைப்பு. கிராமத்துப் பெண்கள் கால்பந்து ஆட வந்தார்கள். வளர்ந்ததும் அவர்களே இளையவர்களுக்குப் பயிற்றுநர்கள் ஆனார்கள். 2013இல் ஸ்பெயினில் ஒரு போட்டியில் மூன்றாம் இடம் பெற்றார்கள். 2019இல் உலக அளவிலான விளையாட்டு விருதான லாரியஸ் விருது அந்த அமைப்புக்குக் கிடைத்தது.

எங்களுக்குப் பயிற்றுநர் கிடைத்தது ஓணத்து வடம்வலியில், அதாவது கயிறு இழுக்கும் போட்டியில். ஆண்டு முழுவதும் விளையாட்டெல்லாம் நமக்கு எதற்கு என்று சொல்லும் குடும்பஸ்ரீ பெண்கள், ஓணத்தன்று இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வடத்தைப் பிடித்தால் குதிகால் மண்ணில் புதையும். கயிற்றின் பக்கத்தில் நின்று குரல் கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். எல்லோரும் எப்போது மூச்சை இழுத்துப் பின்னால் சாய வேண்டும், எப்போது பிடித்து நிற்க வேண்டும் என்பதை அவர் குரல் ஒன்றே முடிவு செய்யும். அணியின் பலத்தை அளந்து ஏற்றி இறக்கத் தெரிந்தவர் பயிற்றுநராக இருக்கத் தகுதியானவர் என்று அவரிடம் சொன்னேன். இப்போது சனிக்கிழமைப் பயிற்சியை அவரும், பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகும் முன்னாள் மாணவிகள் இருவரும் நடத்துகிறார்கள். மாவட்ட அணித் தேர்வுகளுக்கும் அந்த மாணவிகளே உடன் போகிறார்கள். அங்கே எல்லாம் மலையாளத்தில் வேகமாக அறிவிக்கப்படுவதால் திகைத்து நிற்கும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, காதருகில் தமிழில் சொல்ல ஓர் அக்கா இருப்பது பெரிய பலம்.

பணம் எங்கிருந்து வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் தொடர்ச்சியாக, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் தன் திட்ட நிதியில் 10 சதவீதத்தைப் பெண்களுக்கான கூறுக்கு ஒதுக்க வேண்டும். இங்கே அதை வனிதா கடகப் பத்ததி என்போம். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியவை. தையல் இயந்திரத்துக்கும் ஆட்டுக்குட்டிக்கும் போகும் அந்த நிதியில், பெண்களின் விளையாட்டுக்கும் ஒரு பங்கு கேட்பதில் எந்தத் தவறும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கள் மைதானத்தின் மேற்குப் பக்கத்தை ஊரக வேலை உறுதித் திட்டமான தொழிலுறப்பு வேலையில் சமன் செய்தவர்கள் பெண்கள். பாண்டுச் சட்டியில் மண் சுமந்து அந்தத் தரையை ஆக்கிய கைகளுக்கு, தங்கள் மகள்கள் அதில் ஓட வேண்டும் என்று கேட்கும் உரிமை மற்ற எவரைவிடவும் அதிகம்.

சென்ற கிராமசபையில் எங்கள் வார்டுப் பெண்கள் எழுதிக் கொடுத்த கோரிக்கையில் நான்கு விஷயங்கள் இருந்தன. மைதானத்துக்கும் அங்கிருந்து ரோட்டுக்குப் போகும் வழிக்கும் விளக்கு, தண்ணீர் வசதியோடு ஒரு கழிப்பறை, வயதுக்கு ஏற்ற பந்துகள், உள்ளூர்ப் பெண் பயிற்றுநர் இருவருக்கு மாத மதிப்பூதியம். விளக்குக்கு மதிப்பீடு போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பந்துகள் வாங்கித் தருவதாக மெம்பர் சொல்லியிருக்கிறார். மதிப்பூதியத்துக்கு மட்டும் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. தொண்டாகச் செய்யலாமே என்கிறார்கள். ஆண்கள் அணியின் பயிற்றுநருக்குப் போட்டிக் காலத்தில் சம்பளம் கொடுக்கும் ஊரில் இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. அடுத்த கிராமசபைக்கு வடம்வலி அணி முழுவதும் வருவதாகச் சொல்லியிருக்கிறது. அவர்கள் வேலை முடிந்து வந்து சேர வசதியாக, கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைக்காமல் மாலை நான்குக்கு மேல் வைக்க வேண்டும் என்று இப்போதே பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.